நாற்பது மீற்றர் மண்டலின்

கிளெய்டனின் கீபோர்ட்டில் நாற்பத்திரண்டாம் இலக்கத்தை அமுக்கினால் மண்டலின் சத்தம் வரும். அது மண்டலின் என்று கிளெய்டன்தான் சொன்னான். அன்ரனிற்றாவுக்கு அது தகரப் பேணிக்குள் கச்சான் கடலையைப் போட்டுக் குலுக்கிய மாதிரித்தான் கேட்டது. ஆனால் அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் எதைத்தான் வாய்விட்டுச் சொன்னாள்? சேர்ச் கொயரில் மூன்று வருசமாக இரண்டாம் வரிசையில், தூணோடு ஒட்டி நின்று பாடுகிறவள். அந்தத் தூணுக்கு நிற்றாவைவிடக் குரல் கூட என்று கிளெய்டன் ஒருமுறை சொல்லி, அத்தனை பேரையும் சிரிக்க வைத்திருக்கிறான்.

இந்த முறை கிறிஸ்து பிறந்த நத்தார் ஆராதனைக்குக் கொயர் ஒரு புதுப்பாட்டுப் பாடுவதாக இருந்தது. பாட்டுத் தொடங்குமுன் பதினாறு கட்டத்துக்கு வாத்தியம் மட்டும் தனியே ஒலிக்க வேண்டும். கொயரை நடத்துகிற அற்புதராணி ரீச்சர் அந்த இடத்தில் பென்சிலால் 'மண்டலின்' என்று எழுதியிருந்தார். அன்ரனிற்றாவின் வீட்டில் ஒரு மண்டலின் இருப்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

அது அவளுடைய அண்ணன் அஜந் கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. சின்னக் கிற்றார் என்று நினைத்து வாங்கியிருந்தான். வீட்டில் உறையைக் கழற்றி எட்டுக் கம்பியைக் கண்டதும், "என்ன இது, எல்லாம் இரட்டைப் புள்ளையளா இருக்கு?" என்று கேட்டான். இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு அலுமாரிக்கு மேல் ஏற்றினான், விமானமும் ஏறிவிட்டான். அன்ரனிற்றா அதை இறக்கினாள். போனில் வீடியோ பார்த்து, சில சுரங்களை ஒன்றாய்ச் சேர்த்துப் பிடிக்கிற கோட் நாலு பழகினாள். கம்பி மீட்டுவதற்குப் பழைய சிம் காட் அட்டையை முக்கோணமாக வெட்டி வைத்துக்கொண்டாள். கோட்டைப் பிடித்து, எட்டுக் கம்பியையும் ஒரேயடியாக அடித்தால் வீடு நிறையும். அதுவே அவளுக்குப் பெரிய காரியமாக இருந்தது.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை ஒத்திகையில் அவள் அப்படித்தான் அடித்தாள். ரீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அடிக்காத மகள். ஒவ்வொண்டாப் பிரிச்சு எடு. கோட்டில இருக்கிற சுரமெல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வரவேணும். கீழ இருந்து மேல போய், மறுகா மேல இருந்து கீழ. ஆர்பெஜியோ எண்டு சொல்றது அதத்தான்."

அன்ரனிற்றா பிரித்து எடுக்கப் பார்த்தாள். முதல் கோட்டில் வந்தது. இரண்டாம் கோட்டுக்கு விரலை மாற்றும்போது எல்லாம் அறுந்து விழுந்தது.

கிளெய்டன் நாற்பத்திரண்டை அமுக்கி, பதினாறு கட்டத்தையும் ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்துக் காட்டினான். "இதில கையும் நோகாது ரீச்சர்," என்றான்.

ரீச்சர் யோசித்தார். "இன்னும் ரெண்டு சனிக்கிழமை இருக்கு நிற்றா. ரெண்டாவதுக்குள்ள பதினாறு கட்டத்தையும் நிக்காம வாசிச்சா மண்டலின். இல்லாட்டி கீபோர்ட். சரியா?"

ஓம் என்பதற்கு அவள் தலையைத்தான் ஆட்டினாள்.

அவளுக்கு வேலை கல்முனை பஸாருக்குள், ஸுல்பிகாவின் தையல் கடையில். ஸுல்பிகாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வாயும் கத்தரிக்கோலும் ஒரே கூர். டிசம்பர் பிறந்தால் கடைக்குள் வெள்ளை நிறம் தவிர வேறொன்றும் இராது. எல்லாம் பள்ளிக்கூட உடுப்பு. பத்தாம் வகுப்போடு தான் கழற்றிப் போட்ட அதே வெள்ளையை, அன்ரனிற்றா இப்போது நாளுக்குப் பதினைந்து இருபது என்று மடித்து, அயன் பண்ணி, பொத்தான் தைத்து அடுக்கினாள். பக்கத் தையல் எல்லாம் ஸுல்பிகாவின் கால் மிசினில்.

திங்கட்கிழமை மண்டலினையும் தூக்கிக்கொண்டு அவள் கடைக்கு வந்தாள். வீட்டில் அக்காவின் கைக்குழந்தை. ஒரு சுரம் எடுத்தால் ஒரு மணித்தியாலம் அழும்.

"ராத்தா," என்றாள். ஸுல்பிகாவை அக்கா முறைக்கு அப்படித்தான் கூப்பிடுவாள்; மிச்சத்துக்கு உறையை நீட்டினாள்.

ஸுல்பிகா உறையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். "பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு ஆக்கள் குறைவு. பொழுதுபடுற மஃரிப் வரைக்கும் வாசி. பள்ளியில தொழுகைக்கு வாங்கு சொல்லக்கொள்ள மட்டும் கம்பியில கை வைக்கப்படாது. சரியா புள்ள?"

"ஓம் ராத்தா."

"மறுகா, பொத்தான் வேலையும் முடிஞ்சிரிக்கணும்."

இப்படித் தொடங்கியது. வெளியே அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடிக்கும். ஓட்டோக்காரர்கள் ஒருவரையொருவர் ஏசுவார்கள். உள்ளே ஸுல்பிகாவின் கால் மிசின் கடகடவென்று ஓடும். தாளத்துக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. பலகையில் கால் ஒருமுறை அழுந்தினால் ஒரு சுரம். எட்டுத் தரம் அழுந்தினால் ஒரு கட்டம். ஸுல்பிகாவின் கால் பதினெட்டு வருசமாக மிதித்த கால். கூடவும் போகாது, குறையவும் போகாது. கடற்காற்று கம்பியைத் தின்னாமலிருக்க, அன்ரனிற்றா மிசின் எண்ணெய் தொட்ட துணியால் கம்பிகளைத் துடைத்துவிட்டு அந்தக் காலோடு கூட நடக்கப் பார்த்தாள்.

நடக்க முடிந்தது. கோட் மாறும் இடத்தில்தான் விழுந்தாள். திங்கள் விழுந்தாள், செவ்வாய் விழுந்தாள். புதன்கிழமை ஸுல்பிகா தைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன புள்ள, கல்லெறிஞ்ச காகம் மாதிரி விரல் எல்லாம் ஒண்டாப் பறக்குது?"

"கோட் மாத்தணும் ராத்தா. மாத்தக்கொள்ள விரல எடுக்கத்தானே வேணும்."

"எல்லா விரலையுமா?"

அன்ரனிற்றா மண்டலினிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"இஞ்ச வா. இதப் பாரு." ஸுல்பிகா ஒரு கொலரின் மூலைக்கு வந்திருந்தாள். "இதில கிறுகணும், திரும்பணும். நான் ஊசிய மேல எடுத்துத்துக் கிறுகினா என்னாகும்?"

"துணி வழுகும். தையல் கோணும்."

"ஓ, தெரிஞ்சிரிக்கி. அப்ப ஊசி துணிக்குள்ளயே நிக்கணும். அது நிக்க, மத்ததெல்லாத்தையும் தூக்கி, துணியக் கிறுக்கி, மறுகா இறக்கணும். ஒண்டு நிண்டாத்தான் மத்தது கிறுகும்." துணியைத் திருப்பி, மிசின் காலை இறக்கி, கடகடவென்று போய்விட்டாள். தான் சொன்னது சங்கீதம் என்று அவளுக்குத் தெரியாது.

அன்ரனிற்றா தன் இடது கையைப் பார்த்தாள். முதல் கோட்டிலிருந்து இரண்டாவதுக்குப் போக நடுவிரலும் மோதிர விரலும் அசையவே தேவையில்லை. சுட்டுவிரல் வந்து சேர்ந்தால் போதும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகச் சுட்டுவிரல் நிற்கலாம், அதுதான் ஊசி. இத்தனை நாள் அவள் ஊசியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நாலாவது கோட்டுக்கு மட்டும் எல்லா விரலும் கிளம்பித்தான் ஆக வேண்டும். நிற்க ஒன்றுமில்லை. அதற்கு அவளே வழி கண்டாள். அந்தக் கோட்டில் நடுவே இரண்டு சோடிக் கம்பிகளை விரல் தொடத் தேவையில்லை. முதலில் அந்த வெறுங்கம்பியை மீட்டினால், அது ஒலித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் விரல்கள் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒலிக்கிற கம்பியே ஊசி. அந்த விசயம் கைக்குள் வந்தபோது அவள் கதிரையிலிருந்து ஒரு சாண் எழும்பிவிட்டாள்.

"என்ன, எறும்பு கடிச்சிற்றா?" என்றாள் ஸுல்பிகா.

வியாழனும் வெள்ளி பின்னேரமும் அவள் விழவேயில்லை. மிசினோடு ஒட்டி, ஒரு தையலின் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும், அடுத்த தையலின் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் வாசித்துக்கொண்டே இருந்தாள். விரல் நுனியில் தோல் தடித்துவிட்டது. சனிக்கிழமை சேர்ச்சுக்குப் போகையில் அவள் மண்டலினை முதுகில் போட்டுக்கொண்டு நடந்த நடையை யாராவது பார்த்திருந்தால், இது அந்தத் தூண்பிள்ளைதானா என்று கேட்டிருப்பார்கள்.

எட்டுக் கட்டம். ஒவ்வொரு சுரமும் மணி மணியாக விழுந்தது. ரீச்சரின் புருவம் உயர்ந்தது. எட்டாவது கட்டம் முடிந்ததும் அன்ரனிற்றா நின்றாள்.

ஒரு மூச்சு எடுக்கிற நேரம்தான். பிறகு ஒன்பதாவதைத் தொடங்கினாள்.

"ஏன் மகள் நிண்ட?"

"நிக்கல்லயே ரீச்சர்."

"நிண்டாய். திருப்பி வாசி."

திருப்பி வாசித்தாள். எட்டாவது கட்டம் முடிய, கை தானாக நின்றது. மூன்றாம் முறையும் அதே இடம்.

"அதில என்ன, பஸ் ஹோல்ட்டா?" என்றான் கிளெய்டன். "ஆக்கள ஏத்தித்துத்தான் போவாய் போல." முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அவனோ அடுத்த முறை எட்டாவது கட்டம் வந்ததும், "இறங்கிற ஆக்கள் இறங்குங்கோ!" என்று கத்தினான். ரீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, "வாற சனிக்கிழமைதான் கடைசி மகள். எனக்கும் வேற வழியில்ல," என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அன்ரனிற்றா அந்த எட்டாவது கட்டத்தையே நினைத்துக்கொண்டு போனாள். விரல் பிசகவில்லை, கோட் மறக்கவில்லை. அவளைக் கேட்காமல் அவள் கையே நிற்கிறது என்றால், அதை யாரிடம் போய்க் கேட்பது?

திங்கட்கிழமை அசருக்குப் பிறகு விடை கிடைத்தது. ஸுல்பிகா ஒரு வெள்ளை உடுப்பின் பக்கத் தையலைப் பிடித்தாள். அன்ரனிற்றா அந்தக் காலோடு தொடங்கினாள். தையல் அடிவிளிம்புக்கு வந்தது. ஸுல்பிகா காலை நிறுத்தி, நூலை நறுக்கென்று வெட்டி, அடுத்த உடுப்பை எடுத்தாள். அதே நொடியில் அன்ரனிற்றாவின் கையும் நின்றது. ஒரு மூச்சு. அடுத்த தையல் தொடங்க, கையும் தொடங்கியது.

அவள் கம்பியை விட்டுவிட்டு உடுப்புக் குவியலைப் பார்த்தாள். எல்லாம் ஒரே வகுப்புப் பிள்ளைகளின் உடுப்பு. எல்லாம் ஒரே நீளம். ஒரு பக்கத் தையலுக்குச் சரியாக எட்டுக் கட்டம். போன கிழமை முழுவதும் அவள் ஆர்பெஜியோவோடு சேர்த்து நூல் வெட்டவும் பழகியிருக்கிறாள்.

"ராத்தா," என்றாள். "நீங்க நூல் வெட்டக்கொள்ள நானும் வெட்டுறன்."

"என்னடி செல்லுற?"

அவள் சொன்னாள். கிளெய்டனையும் பஸ் ஹோல்ட்டையும் சேர்த்துச் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவள் கதைத்து ஸுல்பிகா கேட்டதில்லை. கேட்டு முடித்ததும் ஸுல்பிகா மிசினில் தலையை வைத்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "யா அல்லாஹ்! என்ட கத்தரிக்கோலும் சேர்ச்சில கச்சேரி வெச்சிரிக்கி!" அன்ரனிற்றாவும் சிரித்தாள். பிறகு அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஸுல்பிகா அதைக் கண்டுகொண்டாள்.

"இரி, இரி. அப்ப உனக்கு வெட்டாத தையல் ஒண்டு வேணும். அதுதானே?"

அப்படி ஒரு தையல் கடையின் மூலையில் இரண்டு கிழமையாகக் கிடந்தது. சம்மாந்துறைக் கலியாண மண்டபம் ஒன்றுக்கு மேடையைச் சுற்றிக் கட்ட நாற்பது மீற்றர் துணி, ஒரே துண்டு. விளிம்பு முழுக்க மடித்துத் தைக்க வேண்டும். இந்த அலுப்புப் பிடித்த வேலையை ஸுல்பிகா நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். அன்ரனிற்றா செவ்வாயும் புதனும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருந்து, அந்த நாற்பது மீற்றர் விளிம்பையும் மடித்து அயன் பண்ணினாள், தைக்கும்போது ஸுல்பிகா ஓரிடத்திலும் நிறுத்தி மடிக்கத் தேவைப்படாதபடி.

வியாழக்கிழமை அசர் முடிந்தது. ஸுல்பிகா பொபின் என்கிற அடிநூல் உருளையில் நூலை நிறையச் சுற்றி மிசினுக்குள் போட்டாள். பின்னால் துணி மலைபோல் கிடந்தது.

"பந்தயம்," என்றாள். "நான் நிக்காமத் தைக்கிறன். நீ நிக்காம வாசி. ஆரு முதல்ல நிக்கிறாவோ, அவதான் மத்தவக்கித் தேத்தண்ணி ஊத்தணும். பிஸ்மில்லாஹ்."

கால் அழுந்தியது. முதல் சுரம் விழுந்தது.

எட்டாவது கட்டம் வந்தது. அன்ரனிற்றாவின் கை நிற்கப் பார்த்தது. ஆனால் மிசின் நிற்கவில்லை. ஸுல்பிகாவின் கால் அவளை முதுகில் பிடித்துத் தள்ளிய மாதிரி ஒன்பதாவதுக்குள் போய் விழுந்தாள். பதினாறில் மறுபடி கை தயங்கியது, மறுபடி தள்ளுப்பட்டாள். அதன் பிறகு எண்ணவில்லை. ஐந்து மீற்றர் போனது. பத்துப் போனது. தோள் கனத்தது. பக்கத்து லேஸ் கடை நளீம் வாசலில் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன ராத்தா, கடையில கலியாணமா?"

"கதைக்காதடா நளீம், பந்தயம் நடக்கிது!"

அவன் போகவில்லை. நிலையில் சாய்ந்துகொண்டு, துணி சிக்காமல் இழுத்துவிட்டான். இருபது மீற்றர். அன்ரனிற்றாவுக்குத் தன் கால் கதிரைக்குக் கீழே குதியும் விரலுமாக ஆடிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. எப்போது தொடங்கியதோ, மிசினின் பலகை தன் காலுக்குக் கீழே இருப்பது போல ஆடியது. முப்பது மீற்றர். ஸுல்பிகாவின் முந்தானை வியர்வையில் ஒட்டிவிட்டது. "நிக்கிறியா புள்ள?" என்றாள் மூச்சு வாங்கி. "இல்ல ராத்தா," என்றாள் அன்ரனிற்றா.

முப்பத்தெட்டாம் மீற்றரில் மிசினின் சத்தம் மாறியது. ஊசி குத்துகிறது, தையல் விழவில்லை. பொபினில் நூல் முடிந்துவிட்டது. ஸுல்பிகா காலை எடுத்தாள்.

கடைக்குள் மண்டலின் மட்டும் ஓடியது.

மிசின் இல்லாமல், தள்ள யாருமில்லாமல், அதே வேகத்தில், அதே அளவில். ஸுல்பிகா வெறும் பொபினைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். நளீம் துணியை விட்டுவிட்டான். இன்னும் இரண்டு சுற்று வாசித்துவிட்டு, அன்ரனிற்றா தானாக விரும்பி, முதல் கோட்டின் கடைசிச் சுரத்தில் நிறுத்தினாள்.

"மாஷா அல்லாஹ்," என்றான் நளீம். "ராத்தா, தேத்தண்ணி உங்கட கணக்கில!"

"நூல் முடிஞ்சது தோல்வியில்ல," என்றாள் ஸுல்பிகா. "நான் நிக்கல்ல, நூல்தான் நிண்ட. சனிக்கிழமை அங்க போய் வெண்டுத்து வா. வெண்டா ஊத்துறன்."

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கொயர் கூடியது. கிளெய்டன் கீபோர்ட்டைச் சரிபண்ணி வைத்து, விரலை நாற்பத்திரண்டின் மேல் வைத்துக்கொண்டு தயாராக இருந்தான். அன்ரனிற்றா கதிரையில் இருந்தாள். ரீச்சர் தலையசைத்தார். அவள் கால் கதிரைக்குக் கீழே அசையத் தொடங்கியது. குதி, விரல், குதி, விரல். பிறகு முதல் சுரம்.

கட்டம் கட்டமாகப் போனது. ஏழாவது கட்டத்தில் முன்வரிசை முழுவதும் அவள் கையைப் பார்த்தது. "ஹோல்ட் வருகுது," என்று கிளெய்டன் முணுமுணுத்தான். எட்டாவது முடிந்தது. ஒன்பதாவது வந்தது.

இடையில் ஒரு நூலிழை இடைவெளியும் இல்லை. எல்லோரும் அடுத்த கட்டத்தைப் பார்த்தார்கள், அதற்கடுத்ததைப் பார்த்தார்கள். எப்போது நிற்பாள், எப்போது நிற்பாள் என்று காத்திருந்ததில் பதினாறும் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் கொயர் பாடத் தொடங்கியிருக்க வேண்டும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரீச்சர் உயர்த்திய கையை இறக்க மறந்து நின்றார்.

அன்ரனிற்றா ஒருமுறை தலைநிமிர்ந்து பார்த்தாள். பாட்டு வரவில்லை. போன கிழமை என்றால் நின்றிருப்பாள். இன்று, ஊசி துணிக்குள் நிற்க, மூலையில் கிறுகி, முதல் கட்டத்துக்குத் திரும்பினாள். இரண்டாம் சுற்று முழுவதும் வாசித்தாள். இன்னும் யாரும் பாடவில்லை. ஆனால் முன்வரிசையின் தலைகள் அவள் காலோடு ஆடத் தொடங்கியிருந்தன. மூன்றாம் சுற்றுக்குத் திரும்பினாள். பதினைந்தாம் கட்டத்தில்தான் ரீச்சருக்கு நினைவு வந்தது.

"பாடுங்கோ புள்ளையள்! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறயள், பாடுங்கோ!"

முப்பது குரல்களும் ஒரேயடியாக எழுந்தன. இவ்வளவு சத்தமாக அந்தக் கொயர் ஒருநாளும் பாடியதில்லை. மண்டலின் அதற்குக் கீழே மூழ்கவில்லை. ஒவ்வொரு வரியின் கீழும் தையல் மாதிரி ஓடி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போனது. கிளெய்டன் நாற்பத்திரண்டிலிருந்து விரலை எடுத்தான். இடது கையால் அடிச்சுரம் மட்டும் மெல்லப் பிடித்து, அவள் காலைப் பார்த்து, அவளுக்குப் பின்னால் வந்தான்.

பாட்டு முடிந்ததும் ரீச்சர் பென்சிலை எடுத்து, தாளில் 'மண்டலின்' என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் 'அன்ரனிற்றா' என்று எழுதினார். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, அந்தப் பெயரின் மேலேயே பேனையால் எழுதினார்.

"என்ன நிற்றா," என்றான் கிளெய்டன், "பஸ் ஹோல்ட்ட உடைச்சுப்போட்டாய் போல. இப்ப இந்த நாப்பத்திரெண்ட நான் என்ன செய்யிற?"

"கச்சான் விக்கிற ஆக்களுக்குக் குடு," என்றாள் அன்ரனிற்றா. நல்ல சத்தமாகவே சொன்னாள்.

ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு முன்வரிசையில் ஒருத்தி வெடித்துச் சிரித்தாள். கிளெய்டன் நெஞ்சில் கை வைத்து, "ரீச்சர், தூண் கதைக்குது!" என்றான். அவன்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தான்.

மஃரிபுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. அவள் பஸாருக்குள் கிட்டத்தட்ட ஓடினாள். நளீம் தன் கடை வாசலில் நின்று, அவள் முகத்தைக் கண்டதும் உள்ளே பார்த்துக் கத்தினான்: "ராத்தா, கேத்தல வைங்க!"

ஸுல்பிகா தைத்துக்கொண்டிருந்த உடுப்பைப் பாதியில் விட்டு எழும்பினாள். "நிண்டியா?"

"நிக்கல்ல ராத்தா. மூண்டு சுத்து. அவங்கதான் பாட மறந்துத்து நிண்டாங்க."

ஸுல்பிகா அவள் கன்னத்தை ஒருமுறை கிள்ளிவிட்டு, கேத்தலை எடுத்து அடுப்பில் வைத்தாள். அன்ரனிற்றா மண்டலினை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு வருசத்தில் ஒருநாளும் அவள் இருந்திராத, கடைக்கு வருகிறவர்களுக்கென்று போட்டிருந்த கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள்.

"சீனி கொஞ்சம் கூடப் போடுங்க ராத்தா," என்றாள்.